இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு முன்னால் நாலு பேர்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு உங்கள் ஊர் இ.ஜி.எஃப். (கிறிஸ்தவப் பட்டதாரிகள் ஐக்கியம்) உன்னைக் கல்லூரி ஊழியத்துக்குப் பிடித்துப் போட்டதில் ஆச்சரியமில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய வீடு, சமைத்துப் போடச் சலிக்காத வீட்டம்மா. விடுவார்களா? “பிள்ளைகள் எல்லாம் போனுக்குள் இருக்கிறார்கள், இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்று தொடங்கட்டுமா” என்று கேட்டிருந்தாய். தொடங்கு. ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதே.

இப்படிப்பட்ட பக்கங்களை யார் பின்தொடர்கிறார்கள் என்று ஒருநாள் திறந்து பார். பக்கத்து ஊர் ஊழியர்கள், சபை அக்காமார், வளைகுடாவில் இருக்கும் உறவுக்காரர்கள். அந்தக் கல்லூரி ஹாஸ்டல் பையன் ஒருவன்கூட இருக்கமாட்டான். பார்வை எண்ணிக்கை ஏறும், வாசற்படி ஏற ஆள் இருக்காது. பக்கத்துக்குக் கல்லூரிப் பெயரையோ முத்திரையையோ வைத்துவிட்டால், நிர்வாகம் கூப்பிட்டு விசாரிப்பது உன்னை அல்ல, உள்ளே படிக்கிற பிள்ளையை.

நம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமான யூ.இ.எஸ்.ஐ. 1954-இல் தொடங்கியதிலிருந்து நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கல்லூரிக்குள் குழுவை மாணவர்களே நடத்துவார்கள், பட்டதாரிகள் பின்னால் நிற்பார்கள். போன் வந்து அது மாறிவிடவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் உன் ரீலைப் பார்த்து வரமாட்டான். கூட லேபில் நிற்கிறவன் “சனிக்கிழமை வேதபாடத்துக்கு வர்றியா” என்று கேட்டால் வருவான். அப்படிக் கேட்கக்கூடிய நாலு பேரை முதலில் தேடு, இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். பக்கத்தை அவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள், உன்னைவிட நன்றாகவே.

அடுத்தது வாட்ஸ்அப். எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்க்கிற ஆசை உனக்கு நிச்சயம் வரும். குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாத சீனியர் ஒருவன் ராத்திரி ஒரு பெண்ணுக்கு “ஹாய்” அனுப்பினான் என்றால் அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் அதோடு சரி. அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் போதும். அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியல் வேண்டாம், உன் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பேசுவதற்கான குரூப் ஒரு வேதபாடக் குழுவுக்கு ஒன்று, பன்னிரண்டு பேருக்குள். காலை வணக்க வசனப் படங்களை அன்போடு தடை செய். ரோஜாப்பூவோடு மூன்று நாள் வந்தால் நான்காம் நாள் எல்லாரும் மியூட் போட்டுவிடுவார்கள், அப்புறம் சனிக்கிழமை இடம் மாறியதுகூட யாருக்கும் தெரியாது.

சபைக்கே போகாத பிள்ளைகளிடம் கேள்விகள் நிறைய இருக்கும், ஆனால் பேர் போட்டுக் கேட்கமாட்டார்கள். கூகுள் ஃபார்ம் ஒன்று வை. மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்திவிடு, ஒருவர் ஒரு முறைதான் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிடு. அது இருந்தால் லாகின் கேட்கும், கேட்டதும் மூடிவிட்டுப் போவார்கள். கியூஆர் குறியீட்டை இலவச ‘டைனமிக்’ தளங்களில் செய்யாதே. பல தளங்களில் சோதனைக் காலம் முடிந்ததும் இணைப்பு செத்துவிடும், அச்சடித்த அட்டையெல்லாம் வீண். முகவரியை நேரடியாகப் பதிக்கிற சாதாரணக் குறியீடே போதும்.

வேதபாடத்துக்குப் போனை நம்பாதே, பிடுங்கியும் வைக்காதே. ஹாஸ்டல் பிள்ளைக்கு அம்மா கூப்பிடுகிற நேரம் அது. பகுதியை ஏ4 தாளில் ஒரு பக்கமாக அச்சிடு, வலதுபுறம் நாலு விரல் அகலம் காலி விடு, ஆளுக்கொரு பென்சில் கொடு. மாற்கு 2:1–12, நடக்க முடியாதவனை இயேசு குணமாக்குகிற பகுதி, தொடக்கத்துக்கு நல்லது. பழைய மொழிபெயர்ப்பில் ‘திமிர்வாதக்காரன்’ என்று வரும். தாளின் அடியில் ‘பக்கவாதம் வந்தவர்’ என்று போட்டுவிடு. பத்து நிமிடம் ஒருவரும் விளக்கம் சொல்லக்கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லவேண்டும்: தூக்கி வந்தவர்கள் நாலு பேர், கூரை பிரிகிறது, வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) மனதுக்குள் நினைக்கிறார்கள். பிறகு ஒரே கேள்வி: நடக்க முடியாதவனைக் கொண்டுவந்து போட்டால், இயேசு முதலில் ஏன் பாவமன்னிப்பைப் பேசுகிறார்? சபைப் பிள்ளைகள் பழக்கத்தில் தாண்டிப் போகிற இடம் அது. வெளியிலிருந்து வந்தவன் அங்கேதான் நிற்பான். அவன் நிற்கட்டும், நீ பதில் சொல்லாதே. நாற்பது நிமிடத்தில் முடி.

பகுதி எது என்று முன்கூட்டியே குரூப்பில் போடாதே. போட்டால் யாராவது சாட்ஜிபிடியில் கேட்டு ஐந்து குறிப்போடு வந்து வாசிப்பார்கள். குறிப்பு சரியாகவே இருக்கும், பேச்சு மட்டும் செத்துப்போகும்.

காலக்கணக்கை மறந்துவிடாதே. கவுன்சிலிங் முடிந்து முதலாண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முதல் மூன்று வாரம்தான் புது நட்புக்கு மனம் திறந்திருக்கும். அப்புறம் இன்டர்னல் தேர்வு, தீபாவளி விடுமுறை, மாடல் தேர்வு, செமஸ்டர் தேர்வு. கையில் தேறுவது ஆறு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு ஆறு பகுதிக்கு மேல் திட்டமிடாதே. எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதாதே, இரண்டாம் வாரம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுது.

இன்னொன்று, இதில் விளையாட்டுக் கூடாது. முதலாண்டில் சிலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். பெரியவர் யாரும் தனியாக ஒரு பிள்ளையோடு ராத்திரி சாட் செய்யக்கூடாது. பெண்களுக்குப் பெண்களே பதில் போடட்டும். சாகவேண்டும் போல இருக்கிறது என்று யாராவது எழுதினால், ஜெபக் குறிப்பாகக் குரூப்பில் போட்டுவிடாதே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதே. உடனே போனில் பேசு, பக்கத்து அறையிலிருந்து ஒருவரைப் போய் உட்காரச் சொல், 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடு. ஜெபத்தை அதோடு சேர்த்துச் செய்.

உங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் இன்டர்னல் தேதிகளை விசாரித்து அனுப்பு. ஆறு பகுதிகளுக்கும் தாள் தயாரித்து அனுப்புகிறேன். நீ திருத்தினால் யூனிகோடு எழுத்திலேயே திருத்து. உன் பழைய பாமினி எழுத்தில் அடித்தால் பிள்ளைகள் போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

கர்த்தருக்குள்,
உன் பழைய அறைத்தோழன்