தம்பியிடம் "சம்மதமா?" என்று கேட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் என் தம்பியின் கஞ்சா வழக்கு ஒரு வழியாக முடிந்தது. இனி இப்படி ஒரு குற்றம் செய்ய மாட்டேன் என்று கோர்ட்டில் இரண்டு வருடத்துக்குப் பாண்டு (உறுதிமொழிப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறான், அது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இனி வாய்தா கிடையாது. உதவியவர்கள் பெயரை எல்லாம் போட்டு எழுத ஆசைதான். கேட்ட ஒவ்வொருவரும் "அதெல்லாம் வேண்டாம்மா" என்று கையை ஆட்டிவிட்டார்கள். தம்பி படித்துப் பார்த்து, இரண்டு வரி அடித்துக் கொடுத்த பிறகே இதைப் போடுகிறேன்.

முதல் நன்றி ஸ்டேஷன் ஏட்டையாவுக்கு. பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் பையில் இருந்தது 40 கிராம். அவர் 40 கிராம் என்றே எழுதினார். உள்ளதை உள்ளபடி எழுதியதற்கெல்லாம் நன்றியா என்று சிரிக்காதீர்கள். கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் சட்டத்தில் 'சிறிய அளவு'. அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்களுக்குத் திறந்த வழி எல்லாமே அந்த 'சிறிய அளவு' என்ற இரண்டு சொல்லில்தான் இருந்தது.

அடுத்தது வக்கீல் அக்கா. ஓவர்லாக் தைக்கிறவளுக்கு வக்கீல் வைக்கக் காசு ஏது? காவலில் இருப்பவருக்கு வருமானமே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது என்று கோர்ட் வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார் (அவருக்கும் நன்றி, அன்றைக்கு நகலுக்குக் காசு வாங்கவில்லை). சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த வக்கீல் அக்கா, கிளைச் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இவனை இதுக்கு முன்னாடி எங்கியாச்சும் சேர்த்தீங்களா?"

சேர்த்திருந்தோம். அந்தப் போதை மறுவாழ்வு மையத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் முன்பு, ராத்திரி ஒரு மணிக்கு ஆம்னி வேனில் நாலு பேர் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கைலியோடு தூக்கிப் போனார்கள். வாசலில் நின்று கையெழுத்துப் போட்டது நான். பதினெட்டாயிரம் கட்டினேன். நாற்பது நாள் கழித்து வலது கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்போடு வந்தான். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறதாம். வந்த மூன்றாம் நாள் மறுபடியும் பொட்டலம். என்னோடு பேசுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டான்.

இதைக் கேட்ட பிறகுதான் வக்கீல் அக்கா 39-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னார். போதைப்பொருள் சட்டம் வந்தது 1985-ல். அதில் இந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்றால், அடிமையாகிப்போன ஒருவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று ஆனால், உடனே சிறைக்கு அனுப்பாமல் கோர்ட் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அரசு நடத்துகிற, அல்லது அரசு அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கையோடு வந்து ஆஜராவேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் முதல் பாண்டு. 64ஏ என்று இன்னொரு பிரிவும் உண்டு. தானாகவே சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்தே விலக்கு, பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும். அக்கா அதற்கு மனுப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவன் எழுந்து, "ஆமாங்க, என்னுதுதானுங்க" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். அதோடு 64ஏ போய், 39 மட்டும்தான் மிச்சம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அமெரிக்காவில் மயாமியில் 1989-லேயே இதற்கென்று தனிக் கோர்ட் ஆரம்பித்தார்கள், சிகிச்சை எப்படிப் போகிறது என்று நீதிபதியே அடிக்கடி கூப்பிட்டு விசாரிப்பார் என்று அக்கா சொன்னார். நமக்குக் கிடைத்தது ஒரு பிரிவுதான். அதையும் யாராவது எடுத்துப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மேஜிஸ்திரேட் அம்மாவுக்கு நன்றி சொல்வது முறையா என்று தெரியவில்லை. தப்பென்றால் மன்னிக்க வேண்டும். வக்கீலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேராகத் தம்பியைப் பார்த்து, "சிகிச்சைக்குப் போறதுக்கு உனக்குச் சம்மதமாப்பா?" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்காவைப் பார்க்காதே, உன்னைத்தான் கேட்கிறேன்" என்றார். சம்மதம் கேட்க வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிற சொல்தானாம். ஆனால் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம் இல்லையா? அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பெஞ்ச் கிளர்க் அடுத்த கேஸ் கட்டை எடுத்து வைத்துவிட்டார், அப்போதும் காத்திருந்தார். "போறனுங்கம்மா" என்றான்.

சிகிச்சை மையத்து டாக்டரும் நர்சுகளும் செய்ததை எழுதினால் நீளும். முதல் பத்து நாள் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கண்டபடி எரிச்சல். அதைத் திமிர் என்று சொல்லாமல், கஞ்சாவை விட்டால் இப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார்கள். கதவு பூட்டாத வார்டு. முதல் ஞாயிறு போனபோது அவன் வராந்தாவில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் பார்க்கத் தோன்றியது அவன் கணுக்காலைத்தான்.

கவுன்சலர் சாருக்குத் தனியாக நன்றி. வீட்டுக்கு வந்த நாலாம் மாதம், பொங்கல் லீவில், பழைய ஜமாவோடு போய் ஒரு தடவை இழுத்துவிட்டான். மறுநாள் காலையில் தானே பஸ் ஏறிப் போய் சாரிடம் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்தது அறிக்கையைப் பார்த்தபோதுதான். "சார், இதை எழுதாம விட்டா ஆகாதா?" என்று கெஞ்சினேன். "அவன் மறைக்கல, நான் மறைக்கலாமா?" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு இங்கேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். மேஜிஸ்திரேட் அம்மா அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார், "அப்புறம்?" என்று அவனையே கேட்டார். அதற்குப் பிறகு தொடவில்லை என்றான். அடுத்தடுத்த மாதப் பரிசோதனைகளைப் புரட்டினார். எச்சரித்து, இரண்டாவது பாண்டு எழுதச் சொன்னார். மூன்று வருடம் வரை போடலாமாம், இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக, டீக்கடை அண்ணா. சொந்தக்காரர்கள் எல்லாம் போனை எடுக்காத வாரத்தில், முதல் பாண்டுக்கு ஜாமீன் நின்றது நீங்கள். இரண்டாவதுக்கும் நீங்களே வந்தீர்கள். கடையை மூடிவிட்டு, வீட்டு வரி ரசீதைப் பஜ்ஜி மடிக்கும் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தீர்களே, அந்த அசல் ரசீது இன்னும் என் டிபன் பையில்தான் இருக்கிறது அண்ணா. ஓரத்தில் எண்ணெய்க் கறை கொஞ்சம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பியே கொண்டு வந்து தருவான்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
திருப்பூர்