சிறிய ஆர்டரையும் தைத்துத் தாருங்கள்: ஆயத்த ஆடை உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தியாளர்களுக்கு வணக்கம்.

புற்றுநோயிலிருந்து மீண்ட பின், சிகிச்சையில் இருப்பவர்களுக்கென ஆடைகளை விற்கும் ஒரு சிறு பிராண்டைத் தொடங்கியிருக்கிறேன். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. தைத்துத் தருவதற்குத்தான் ஆள் இல்லை. "ஒரு கலருக்கு எத்தனை பீஸ்?" என்ற கேள்விக்கு நான் பதில் சொன்னதுமே பேச்சு முடிந்துவிடுகிறது.

எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கீமோ மருந்து ஏற்றுவதற்காகப் பலருக்குக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், போர்ட் என்னும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். வழக்கமான டி-ஷர்ட் அணிந்தவர் ஊசி ஏற்றும்போது கழுத்துப் பட்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது சட்டையையே கழற்ற வேண்டும். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் ராக்லன் தையலில் ஒரு ஜிப் வைத்தால் அந்த இடம் மட்டும் திறக்கும். ஆனால் அந்த ஜிப் தோலில் உரசாதபடி உட்புறம் மெல்லிய துணிப்பட்டி வேண்டும். ஜிப்பை இழுக்கும் ரன்னர் உலோகமாக இருக்கக் கூடாது, ஏனெனில் ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே விரல்கள் கூசி வலிக்கக்கூடும்.

விரல் மரத்துப்போனவர்களுக்குக் காந்த பட்டன் வைக்கலாமே என்பார்கள். காந்தம் உள்ள செல்பேசி, கைக்கடிகாரம் போன்றவற்றை, இதயத் துடிப்பைச் சீராக்க உடலில் பொருத்தும் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தள்ளி வைக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் அறிவுறுத்தியது. அப்படியிருக்க, மார்புக்கு நேரே காந்தம் தைத்த சட்டையை எச்சரிக்கை லேபிள்கூட இல்லாமல் விற்பது பொறுப்பற்ற செயல். ஆகவே எங்கள் சட்டைகளில் பிரஸ் பட்டன் மட்டுமே. மார்பக அறுவைக்குப் பின் கையைத் தூக்க முடியாதவருக்கு முன்புறம் திறக்கும் சட்டையும், நீர் வடியும் குழாயின் குடுவையை வைக்க உட்பையும் தேவை. கழிவு சேர வயிற்றில் பை பொருத்தியவருக்கு இடுப்புப் பட்டியே வேறு. இப்படிப் பேட்டர்ன்கள் பெருகுகின்றன, ஒவ்வொன்றிலும் பீஸ் குறைகிறது.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் எல்லா வடிவங்களுக்கும் ஒரே துணி, இரண்டே நிறம் என்று முடிவு செய்திருக்கிறேன். பல பேட்டர்ன்களை ஒரே விரிப்பில் சேர்த்து வெட்டிவிடலாம். ஆர்டர் குறைந்திருக்கும் மாதங்களில் உங்கள் சாம்பிள் பிரிவில் சில மெஷின்களை இதற்கு ஒதுக்குங்கள். பீஸுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கூலி தரத் தயாராக இருக்கிறேன்.

இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சிலர் அன்புடன் சொன்னார்கள். நன்றி, ஆனால் வேண்டாம்: தானமாக வந்த சட்டையில் தையல் பிசகியிருந்தால் திருப்பி அனுப்ப வாய் வராது, கதிர்வீச்சில் புண்ணான தோலுக்கோ அந்தப் பிசகு தாங்காது. வாடிக்கையாளராகவே என்னை நடத்துங்கள். பேட்டர்னும் அளவுப் பட்டியலும் தயாராக உள்ளன. ஒரு சாம்பிள் தைத்துப் பார்த்து உங்கள் விலையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்து ஆடைத் தொழிலுக்கு வந்த ஒருவர்