அடுத்த பாஸ்டர் யார் என்பதற்கு முன், பத்திரம் யார் பெயரில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சபைகளில் அடுத்த தலைமையை ஆயத்தப்படுத்துவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஜெபத்தையும் ஆள் தேர்வையும் நன்றாக விளக்கியிருந்தது. எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத சுயாதீன சபைகளுக்கு அதற்கும் முந்தின வேலை ஒன்று உண்டு: சொத்தைச் சபையின் பெயருக்குக் கொண்டுவருவது. கட்டுரை அதைத் தொடவில்லை.

சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையிலோ கத்தோலிக்கத் திருச்சபையிலோ ஆயரும் குருவும் மாறினால் ஆலயச் சொத்து அசையாது. அது ஆள் பெயரில் இல்லை. ஒரே போதகர் தொடங்கி வளர்த்த சபையில் அப்படியல்ல. கொட்டகை போட்டு ஆராதித்த நாளில் சபைக்குப் பதிவே இருந்திருக்காது. காணிக்கைப் பணத்தில் இடம் வாங்கியபோது பத்திரத்தைப் பாஸ்டர் ஐயா பெயரிலேயே எழுதியிருப்பார்கள். அவர் உயில் எழுதாமல் காலமானால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆலயம் நிற்கும் மனையும் அதில் சேர்த்திதான். சபைப் பணத்தில் வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியது அப்போது சபையின் தலையில் விழும். இருபது, முப்பது வருடத்துக் காணிக்கை நோட்டுகளை எத்தனை பொருளாளர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

உயில் எழுதினால் போதாதா என்பார்கள். உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவருக்குப் பின் வாரிசுகள் வழக்கும் தொடுக்கலாம். போதகர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே சபையைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்து, சொத்தை அதன் பெயருக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே வழி. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குரிய கட்டணச் சலுகை இதற்குக் கிடைக்காது. செலவு கனமாகத்தான் இருக்கும். அதற்கென்று இரண்டு வருடம் தனி நிதி சேர்த்தாவது முடிக்க வேண்டும். பிறகு பட்டா, மின் இணைப்பு, வரி ரசீது எல்லாவற்றிலும் பெயர் மாற வேண்டும். பத்திரத்தோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான்.

அறக்கட்டளை என்றால் ஆவணத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: நிர்வாக அறங்காவலர் வாரிசை நியமிக்காமலே இறந்தால் என்ன? பல ஆவணங்கள் இதில் மௌனம். சபையார் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கு நடத்த வேண்டிவரும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி கமிட்டியின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மாற்றங்களை 7-ஆம் படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாத சபையில் போதகர் திடீரென்று இறந்தால், புதுக் கையெழுத்துக்கான தீர்மானத்தை வங்கி ஏற்காது. வருமான வரித் தளத்தின் ஓடிபியும் இறந்தவரின் கைபேசிக்கே போய்க்கொண்டிருக்கும். வங்கிக் கணக்குக்கு மூவரில் இருவர் கையெழுத்து என்ற முறையை இன்றே கொண்டுவரலாம். அந்த மூவரில் கணவன் மனைவி இருவரும் இருக்கக்கூடாது.

பலரும் மறக்கும் இன்னொன்று, திருமணம் நடத்திவைக்கும் உரிமம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சுயாதீன சபைப் போதகருக்கு அரசு தரும் உரிமம் அவருக்கு மட்டுமே உரியது. சபைக்கோ அடுத்து வருபவருக்கோ கைமாறாது. துணைப் போதகருக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காவிட்டால், ஓலை வாசித்த, அதாவது ஆராதனையில் முன்னறிவித்த, கல்யாணங்களுக்கு வேறு சபைப் போதகரைத் தேடி ஓட வேண்டியதுதான்.

இடைக்காலத்துக்குக் கத்தோலிக்கரின் சட்டத்தில் நல்ல மாதிரி இருக்கிறது. ஆயர் பதவி காலியானால் 8 நாளுக்குள் நிர்வாகி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புது ஆயர் வரும்வரை அவர் எதையும் புதிதாக மாற்றக்கூடாது. நம் பைலாவிலும் (சபையின் விதித்தொகுப்பிலும்) அப்படி எழுதலாம்: இடைக்காலத்தில் சொத்து விற்பனை இல்லை, கடன் இல்லை, பைலா திருத்தம் இல்லை.

போதகரின் மகன் அடுத்த போதகராக வரலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அழைப்பும் தகுதியும் இருந்தால் வரட்டும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் தகப்பனார் தலைமை வகிக்கக்கூடாது, குடும்பத்தார் வாக்களிக்கக்கூடாது, வாக்கு இரகசியச் சீட்டில் நடக்க வேண்டும். தென்கொரியாவில் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபைப் பிரிவு ஒன்று 2013-இல் போதகரின் குடும்ப வாரிசை நியமிப்பதைத் தடைசெய்தது. அதே பிரிவைச் சேர்ந்த சியோலின் மியோங்சங் சபையில் 2017-இல் நிறுவனரின் மகனே பொறுப்பேற்றார். தகராறு வருடக்கணக்கில் ஓடியது. விதி எழுதினால் மட்டும் போதாது, அதைக் காக்கிற மூப்பர்களும் வேண்டும்.

வேதாகமத்தில் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் மோசே உயிரோடிருக்கும்போதே, ஆசாரியனுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக யோசுவாவை நிறுத்துகிறார். தம் கனத்தில் (மதிப்பிலும் அதிகாரத்திலும்) கொஞ்சத்தை அவருக்குக் கொடுக்கும்படி கட்டளை பெறுகிறார். அந்தக் 'கொஞ்சம்' முக்கியம். மாதம் ஒரு ஞாயிறு பிரசங்கம், பிறகு திருவிருந்து, ஞானஸ்நானம், அப்புறம் கமிட்டிக் கூட்டம், கடைசியில் காசோலைக் கையெழுத்து என்று ஒன்றரை, இரண்டு வருடத்தில் கைமாற வேண்டும். பிரசங்கத்தை மட்டும் கொடுத்துக் கணக்கைக் கொடுக்காத சபைகளில் துணைப் போதகர்கள் வெளியேறித் தனிச் சபை தொடங்குகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

மூத்த போதகர்கள் விலகத் தயங்குவதைப் பதவி ஆசை என்று சுலபமாகப் பேசுகிறோம். பலருக்கு வைப்பு நிதியும் இல்லை, சொந்த வீடும் இல்லை; சபை வீட்டைக் காலி செய்தால் போக இடமில்லை. மாதம் 2,000 ரூபாய் அவர் பெயரில் ஒதுக்கினால், 7 சதவீத வட்டியில் 20 வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் சேரும். ஓய்வு வயது, குடியிருப்பு, மாதத் தொகை, அவருக்குப் பின் பாஸ்டரம்மாவுக்கு எவ்வளவு தொடரும் என்பதெல்லாம் ஒரே தீர்மானத்தில் வர வேண்டும். அம்மாவின் பங்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால் அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறுவதே இல்லை.

இப்படிக்கு,
சுயாதீன சபை ஒன்றின் முன்னாள் பொருளாளர்,
தூத்துக்குடி.