தூங்கும்போது காதில் ஓடுகிற பாடம்

அன்புள்ள மீனா,

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் இருக்கட்டும், யாழினி விஷயத்துக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து குரூப் 2 பரீட்சைக்குப் படிக்கிற பெண், அரசியலமைப்பு ஷரத்துகளையும் அட்டவணைகளையும் தன் குரலிலேயே போனில் பதிவு செய்து விடிய விடிய காதில் ஓடவிட்டுத் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். படிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அவ்வளவு உழைப்பு. ஆனால் அந்த இயர்ஃபோனை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்.

இந்த ஆசை பழைய ஆசைதான். 1942-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் லெஷான் என்ற உளவியலாளர், கோடை முகாமில் தூங்குகிற நகம் கடிக்கும் பையன்களுக்கு ‘என் நகம் பயங்கரக் கசப்பு’ என்று ராத்திரிதோறும் இசைத்தட்டில் போட்டுக் கேட்கவைத்தார். நடுவில் மெஷின் கெட்டுப்போக, இருட்டில் நின்று தானே சொல்லியிருக்கிறார். 40 சதவீதம் பேர் பழக்கத்தை விட்டார்கள். ஆனால் பையன்கள் உண்மையில் தூங்கினார்களா, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்களா? அதை யாரும் சோதிக்கவில்லை. 1950-களில் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் மூளை அலைகளைப் பதிவு செய்தபடியே கேள்வி பதில்களை ஒலிக்கவிட்டார்கள். அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது காலையில் ஓரளவு ஞாபகம் இருந்தது, நன்றாகத் தூங்கும்போது விழுந்தது தங்கவே இல்லை. யாழினிக்கு ஏதாவது நினைவிருக்கிறது என்றால் தூக்கம் பிடிப்பதற்கு முன்னால் கேட்டதாகவோ, நடுவில் புரண்டு விழித்தபோது கேட்டதாகவோதான் இருக்கும்.

தூங்குகிற மூளைக்கு ஒன்றுமே ஏறாது என்றும் சொல்லிவிட முடியாது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில், இல்லாத ஒரு மொழியின் சொற்களை ஆழ்ந்த தூக்கத்தில் பொருளோடு சேர்த்துச் சொன்னார்கள்: ‘குகா’ என்றால் யானை, ‘டோஃபர்’ என்றால் சாவி, இப்படி. எழுந்த பிறகு ‘குகா ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்குமா?’ என்று கேட்டபோது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள், அதுவும் மூளை அலையின் சரியான கணத்தில் சொல் காதில் விழுந்திருந்தால்தான். அந்தச் சொல்லைக் கேட்டதாகவே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. எட்டாவது அட்டவணையில் எத்தனை மொழிகள் என்ற கேள்விக்கு 22 என்று குறிக்க வேண்டிய பெண்ணுக்கு இது எதற்கு ஆகும்?

அவளுக்கு உதவக்கூடியது வேறு. 2007-ல் ஜெர்மனியில், ஜோடிச் சீட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்தவர்களை ரோஜா வாசனையோடு படிக்கவைத்து, ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனையைத் திரும்பக் காட்டினார்கள். காலையில் 97 சதவீதம் நினைவிருந்தது, வாசனை காட்டாத ராத்திரியில் 86. கவனி, சீட்டுகளை அவர்கள் விழித்திருக்கும்போதே படித்து முடித்துவிட்டார்கள். படித்ததை ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து மூளையின் மேற்பகுதியில் பதியவைக்கிற வேலை ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது, அந்தத் தூக்கமும் ராத்திரியின் முதல் பாதியில்தான் அதிகம். சரியாக அந்த நேரத்தில் இவள் காதில் 370-வது ஷரத்து ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் கலைந்து கலைந்துதானே போகும்? ஆய்வுக்கூடத்தில் மூளை அலையைப் பார்த்துப் பார்த்து மெல்லச் செய்கிறார்கள், போனுக்கு அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

பதிவு செய்ததை வீணாக்க வேண்டாம், பஸ்ஸில் போகும்போது கேட்கட்டும், கேள்வியைக் கேட்டதும் நிறுத்திவிட்டுப் பதிலைத் தானே சொல்லிப் பார்க்கட்டும். ராத்திரி கொஞ்சமாகப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, பார்க்காமல் ஒரு தாளில் எழுதிவிட்டுப் படுக்கட்டும். சமையல் வேலை எதையும் அவளிடம் விடாதே, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அதுவும் படிப்புக் கணக்கில்தான்.

அப்புறம், மருமகளுக்குக் கார்த்திகையில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் இப்போதைக்கு ஊரை விட்டு நகர முடியாது. பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நீயே வா. உன் மூட்டுவலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுமதி