மேலே ஏறும்போது மூச்சை அடக்காதீர்கள்: திருகோணமலைச் சுழியோடிகளுக்கும் சம்மாட்டிமாருக்கும் ஒரு திறந்த மடல்

கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் தம்பிமாருக்கும் நானாமாருக்கும், அவர்களைக் கடலுக்கு அனுப்பும் சம்மாட்டிமாருக்கும், மீனவர் சங்க நிருவாகிகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கடலின் அடிநிலத்தையும் நீரோட்டத்தையும் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் முதுகில் சுமந்து போகும் காற்றைப் பற்றி மட்டும், விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நேற்றுவரை படகை ஒற்றையாளாகத் தள்ளிய இளைஞன், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பாயில் கிடப்பதைக் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் மூச்சை அடக்கித்தான் சங்கு குளித்தார்கள். மேலே இழுத்த ஒரு மூச்சோடு இறங்கினார்கள். அதே மூச்சோடு ஏறினார்கள். இறங்கும்போது நெஞ்சுக்குள் காற்று சுருங்கியது, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பியது. அதனால் அவர்களுடைய நுரையீரல் கிழியவில்லை. சிலிண்டரோடு இறங்குபவனுக்கு அந்தப் பழக்கமே எமன். அவன் ஆழத்தில் வைத்து, ஆழத்தின் அமுக்கத்திலேயே மூச்சு இழுக்கிறான். அந்தக் காற்றை அடக்கிக்கொண்டு ஏறினால் அது விரிந்துகொண்டே வரும்.

நீரை அமுக்கினால் அது சுருங்குவதில்லை என்றே கொள்ளலாம். நூறு வளிமண்டல அமுக்கம் கொடுத்தாலும் அதன் கனவளவு அரைச் சதவீத அளவே குறையும். காற்றோ அமுக்கம் இரட்டிக்கும்போது பாதியாகிவிடும். 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி இது. கடல்மட்டத்தில் நம்மேல் ஏற்கனவே ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும், அதாவது நீங்கள் ஆழம் அளக்கும் பாகக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரைக்கும், இன்னொன்று கூடுகிறது. 30 மீற்றரில் நான்கு. அங்கே நெஞ்சில் நிரம்பிய 6 லீற்றர் காற்று நீர்மட்டத்தில் 24 லீற்றராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதற்குத் தாங்காது.

இதை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம், உங்கள் படகிலேயே செய்து பாருங்கள். மூடியிட்ட இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களை எடுங்கள். ஒன்று வெறும் போத்தல், மற்றது வாய்வரை கடல்நீர் நிரப்பியது. கல்லைக் கட்டிக் கயிற்றில் 10 மீற்றருக்கு இறக்குங்கள். நீர் நிரம்பியது போனபடியே இருக்கும். வெறும் போத்தல் நசுங்கிக் கிடக்கும். அடுத்ததாக, அதே ஆழத்தில் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைச் சிலிண்டர் காற்றால் விம்ம நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, கயிற்றோடு மேலே விடுங்கள். நீர்மட்டம் வருமுன் அது கிழியும். உடலின் பெரும்பகுதி நீர் என்பதால்தான் கையும் காலும் ஆழத்தில் நசுங்குவதில்லை. காது, நுரையீரல் போன்ற காற்றிருக்கும் இடங்களே அடிபடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 30 மீற்றரிலிருந்து 20க்கு ஏறும்போது காற்று மூன்றிலொரு பங்கு விரிகிறது. 10 மீற்றரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போதோ இரட்டிப்பாகிறது. படகின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதே, இனிப் பயமில்லை என்று நீங்கள் உதைத்துக்கொண்டு ஏறும் அந்தக் கடைசிப் பத்து மீற்றர்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரண்டு மீற்றருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி ஏறியும் நுரையீரல் கிழியலாம்.

அடுத்தது நைதரசன். சிலிண்டருக்குள் இருப்பது நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்று: 78 சதவீதம் நைதரசன், 21 சதவீதம் ஒட்சிசன். அமுக்கம் கூடக் கூட ஒரு வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும் என்று 1803 இல் வில்லியம் ஹென்றி காட்டினார். ஆழத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் நைதரசன் ஏறுகிறது. மெதுவாக ஏறினால் வந்த வழியே மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தலில் போல, உடலுக்குள்ளேயே குமிழ் கட்டும். தோளிலும் முழங்காலிலும் வலி, தோலில் அரிப்பு, தலைச்சுற்று, கால் மரத்துப்போதல், சிறுநீர் போகாமை எல்லாம் அந்தக் குமிழிகளின் வேலை. 1878 இல் போல் பேர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை நிறுவினார். 1908 இல் ஹால்டேன் என்ற பிரித்தானிய அறிஞர் ஆடுகளில் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டார். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் அறிந்த ஒன்றை அறியாமல் நம் பிள்ளைகள் முடமாவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வாதம் என்று எண்ணெய் போட்டு உருவிக் காலம் கடத்தாதீர்கள். வலி எடுத்தவர் மறுபடி கடலில் இறங்கினால் வலி குறையும், உண்மைதான். அமுக்கம் குமிழியைச் சுருக்குவதால் வரும் சுகம் அது. ஆனால் அதே வேளையில் புதிதாக நைதரசனும் ஏறுகிறது. அடுத்த முறை மேலே வரும்போது நிலைமை முன்னையதைவிட மோசமாகலாம். நோயாளியைப் படுக்க வையுங்கள், தூய ஒட்சிசன் கொடுங்கள், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தேவைப்படுவது உயர் அமுக்க அறையில், அதாவது உள்ளே காற்றின் அமுக்கத்தைக் கூட்டிப் பின் மெதுவாகக் குறைக்கும் மூடிய அறையில், அளிக்கும் சிகிச்சை. இறங்கி வந்த மறுநாளே குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் பயணம் வைக்கவும் வேண்டாம். அந்த உயரத்தில் காற்றின் அமுக்கம் ஐந்திலொரு பங்கு குறைவு. அடங்கிக் கிடந்த நைதரசன் அங்கே குமிழாகலாம்.

சம்மாட்டிமாரே, இனி உங்களிடம். கரையோரத்தில் அட்டை குறையக் குறையப் பையன்கள் ஆழம் தேடிப் போகிறார்கள். ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர் மாற்றி இறங்குகிறார்கள். முதல் இறக்கத்தில் ஏறிய நைதரசன் தீருமுன் இரண்டாவது இறக்கம் தொடங்கினால் கணக்கு கூடிக்கொண்டே போகும். கூலியைச் சிலிண்டர் எண்ணிக்கையோடு கட்டாதீர்கள். இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் மணிக்கூடும் ஆழமானியும் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீற்றரில் குறைந்தது மூன்று நிமிடம் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். ஆழமும் நேரமும் கூடிய இறக்கத்துக்கு அதுவும் போதாது, அட்டவணை பார்த்தே ஏற வேண்டும். சிலிண்டர் நிரப்பும் இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயை அதன் புகைக்குழாய்ப் பக்கம் வைக்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள, கரையில் தலையிடி மட்டும் தரக்கூடிய காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, 30 மீற்றரில் நான்கு மடங்கு அமுக்கத்தோடு இரத்தத்தில் ஏறும்.

சங்கங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஏறும் அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வாடியிலும் ஒட்டுங்கள். உயர் அமுக்க அறைக்கு நோயாளியை அனுப்ப இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கத்தை மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, அதன் கீழே எழுதுங்கள். படகுக்கு ஒன்றாக மருத்துவ ஒட்சிசன் சிலிண்டர் வாங்கச் சங்க நிதியிலிருந்து கடன் கொடுங்கள்.

கடலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமையில், தொழுகை முடிந்த பின்னரோ கோயிற்பூசை முடிந்த பின்னரோ, உங்கள் வாடிக்கே வந்து இவற்றை விளக்கிச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன். நாளைக் குறித்து அறிவியுங்கள். புதிதாக இறங்கப் பழகும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்
திருகோணமலை