அந்தச் சடை நாய் பற்றி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஆட்டுக் கிடை பரமக்குடிப் பக்கம் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். மகளுக்கு வரன் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய், சந்தோஷம். கடைசியில் ஒரு வரி: "அங்கே சடை சடையாகத் தொங்குமே ஒரு நாய், அது இருந்தால் பட்டிக்கு நரி வராதாமே, விசாரித்துச் சொல்." அதற்காகவே போன ஞாயிறு இங்கே ஹங்கேரியில், புடாபெஸ்டில் பஸ் ஏறி கிஷ்குன்ஷாக் சமவெளிக்குப் போய் வந்தேன்.

முறுக்குக் கொம்பு ராட்ஸ்கா ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டே வேலியோரம் நடந்தேன். படுத்திருந்த ஆடு ஒன்று எழுந்து நின்று குரைத்தது பார், செருப்பு கழன்றுவிட்டது எனக்கு. அதுதான் கொமொண்டோர்.

ஆண் நாய் எழுபது சென்டிமீட்டருக்குக் குறையாது. எடை, ஒரு சிமெண்டு மூட்டைக்கு மேலேயே இருக்கும். அங்கே மந்தை மேய்க்கும் கீதாரி பிடித்துக்கொள்ள, முடியைத் தொட்டுப் பார்த்தேன். கம்பளியில் திரித்த கயிறு மாதிரி இருக்கிறது. விரலை விட்டுத் துழாவினால் தோல் எளிதில் எட்டவில்லை. ஓநாய் கவ்வினாலும் வாயில் முடிதான் அகப்படும். கண் எங்கே என்று தேட, அவரே இரண்டு சடையை ஒதுக்கிக் காட்டினார். குட்டியில் வெறும் சுருட்டை முடிதானாம். உள்முடியும் வெளிமுடியும் தானாகப் பின்னிக்கொண்டு சடையாகத் திரள ஏறக்குறைய இரண்டு வருஷம். சீப்பே போடக் கூடாது. ஆனால் அடியில் ஒட்டிக்கொள்ளும் சடைகளைக் கையால் பிய்த்துப் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய் மாதிரி ஒரே தகடாகிவிடும்.

இதன் பூர்வீகம் உனக்குப் பிடிக்கும். கூமான் என்று ஒரு மேய்ச்சல் கூட்டம். மங்கோலியர் துரத்த, 1239 வாக்கில் நான்காம் பேலா ராஜாவிடம் அடைக்கலம் கேட்டு ஆடுமாடுகளோடு இங்கே வந்து சேர்ந்தது. கிஷ்குன்ஷாக் என்றாலே சின்னக் கூமான் சீமை என்றுதான் அர்த்தம். நாயின் பெயரும் கூமானிலிருந்தே வந்தது என்று பலர் சொல்கிறார்கள். 1544-லேயே ஒரு ஹங்கேரிய நூலில் இந்தப் பெயர் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் இனமே அற்றுப்போகிற நிலைமை. மிஞ்சியவற்றை வைத்துத்தான் திரும்பப் பெருக்கினார்கள்.

இது ஆட்டை ஓட்டாது. ஓட்டுவதற்கு பூலி என்று குட்டையான நாய் இருக்கிறது, அது பகல் வேலைக்காரன். கொமொண்டோர் ராத்திரிக் காவல். குட்டியிலிருந்தே ஆடுகளோடு படுத்து வளர்வதால் மந்தைதான் அதற்குச் சொந்தபந்தம். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று அதுவே முடிவு செய்யும். நம் அதட்டலுக்கெல்லாம் காத்திராது.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். நனைந்தால் அந்தச் சடை காய இரண்டு நாள் ஆகுமாம். ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும் என்று கீதாரியே மூக்கைப் பிடித்துக் காட்டினார். ஐப்பசி மழையில் நீ அதைக் காயவைப்பாயா, ஆட்டைப் பார்ப்பாயா? சித்திரை வெயிலில் அதன் கதி என்ன? ஓணான், உண்ணி, நெருஞ்சி முள் எல்லாம் அந்தச் சடைக்குள் குடித்தனம் நடத்தும். உன் கோம்பை நாய்க்கு ஒழுங்காகக் கஞ்சி ஊற்று, போதும்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். பேரனிடம் காட்டி ஆடு எத்தனை என்று கேள். இடமிருந்து மூன்றாவதை அவன் சேர்க்கிறானா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்