வேம்பின் காயமும் பனையின் காயமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையோர மரங்களில் அடிக்கப்பட்டிருந்த ஆணிகளையும் விளம்பரத் தகடுகளையும் இளைஞர்கள் அகற்றியதைப் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர்களுடைய உழைப்பு மனமாரப் பாராட்டத்தக்கது. ஆயினும், ஆணியைப் பிடுங்கிவிட்டால் எந்த மரமானாலும் காயம் தானாக ஆறிவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்ததைத் திருத்த வேண்டியுள்ளது. வேம்புக்கும் புங்கனுக்கும் ஓரளவு பொருந்துகிற அந்தக் கூற்று, அதே செய்தியின் படத்தில் நின்ற பனைக்குச் சிறிதும் பொருந்தாது. பல்லாண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதன் காரணத்தை விளக்க விரும்புகிறேன்.

தாவர உடலின் எல்லாப் பகுதிகளும் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. தொடர்ந்து பிரிந்து புதிய செல்களைத் தருவது ஆக்குத்திசுவின் வேலை. தண்டு நுனியிலும் வேர் நுனியிலும் உள்ள ஆக்குத்திசு நீளத்தைத் தருகிறது. அங்கே பிறந்த செல்கள், நுனி முன்னேறிச் சென்றதும், தாம் நிற்கும் இடத்துக்கேற்ற ஒரு தொழிலை ஏற்று நிலைத்திசுவாக மாறுகின்றன. சைலத்தின் நீர்க்குழாய்ச் செல்கள் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, உயிரை விட்ட பிறகே நீரை மேலே கடத்தத் தொடங்குகின்றன. புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்களோ, உட்கருவை இழந்த பின்னும் அருகிலுள்ள துணைச்செல்களின் உதவியால் உயிரோடிருந்து, இலையில் உருவான சர்க்கரையை வேர்வரை கொண்டுசேர்க்கின்றன. ஸ்கிளிரன்கைமா நாராக இறுகித் தண்டைத் தாங்குகிறது. பாரன்கைமா மட்டும் மெல்லிய சுவருடன் இருந்து, தேவை நேர்ந்தால் மீண்டும் பிரியும் ஆற்றலைக் காத்துவைத்திருக்கிறது. உயரம் நுனியில்தான் கூடுகிறது என்பதால், ஆளுயரத்தில் அடித்த ஆணி மரம் எவ்வளவு வளர்ந்தாலும் ஆளுயரத்திலேயே இருக்கும்.

வேம்பு, புங்கன், புளி போன்ற மரங்களில் இதற்கு மேலும் ஓர் ஆக்குத்திசு உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே தண்டு முழுவதையும் சூழ்ந்திருக்கும் கேம்பியம் என்னும் அந்த மெல்லிய அடுக்கு, உட்புறம் புதிய சைலத்தையும் வெளிப்புறம் புதிய புளோயத்தையும் சேர்த்து மரத்தைப் பருக்கச் செய்கிறது. பட்டையில் காயம் ஏற்பட்டால், அதன் விளிம்பில் உள்ள உயிர்ச்செல்கள் பிரிந்து தழும்புத்திசுவை உண்டாக்க, அதற்குள் புதிய கேம்பியம் தோன்றி, ஆண்டுகள் செல்லச்செல்ல வாயை மூடுகிறது. இதையும் காயம் ஆறுவது என்று சொல்ல முடியாது. சேதமுற்ற பழைய கட்டை ஒருபோதும் புதுப்பிக்கப்படுவதில்லை. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் ஒதுக்கிவைத்துவிட்டு மரம் தன் வளர்ச்சியைத் தொடர்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விரிவாக எடுத்துக்காட்டினார். மூடும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் புளோயம் அறுந்து வேருக்கு உணவு செல்லாது. சைலம் அறுபடாமல் இருப்பதால் இலைகள் உடனே வாடுவதில்லை. மரத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்று நாம் எண்ணியிருக்கும்போதே வேர் பட்டினியால் மடிந்துகொண்டிருக்கும்.

பனையும் தென்னையும் விதையில் ஒரே இலை கொண்ட ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டில், சைலமும் புளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. கற்றைகளுக்குள் கேம்பியம் இல்லை. நார் செறிந்த கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கியிருப்பதால் வெளியே வயிரம் என்னும் கடினப் பகுதியும் உள்ளே சோறு என்னும் மென்மையான பகுதியுமாக இருக்கிறது. வயிரம் புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்திருப்பது இந்த அமைப்பைக் கண்டறிந்துதான். அடிமரம் ஒருமுறை உருவான பின் அந்த இடத்தில் புதிய கட்டையோ பட்டையோ தோன்றாது. இளம்பருவத்தில் உருவான அதே சல்லடைக் குழாய்கள்தாம் பல பத்தாண்டுகள் கழித்தும் உணவைக் கடத்த வேண்டும். எனவே, பனையில் அடித்த ஆணியின் துளை அதன் ஆயுள் முழுவதும் துளையாகவே நிற்கும். தென்னையில் ஏறுவதற்காகக் கொத்தும் படிகளும் அப்படியே. அதிலும், புதுக்காயத்தின் மணம், தண்டைக் குடையும் பூச்சியான சிவப்புக் கூன்வண்டை முட்டையிட ஈர்க்கிறது என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல் 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டும்படி வேளாண் துறையினர் வற்புறுத்துவது இதனால்தான். பனைக்கும் தென்னைக்கும் வளர்நுனி ஒன்றே ஒன்று. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அந்த நுனியையே தின்றுவிட்டால், பக்கக் கிளை விட்டுப் பிழைக்கவும் வழியில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணிக்குப் பதில் கம்பியாலோ கயிற்றாலோ கட்டலாம் என்று சிலர் கூறுகின்றனர். வேம்பு பருத்துக்கொண்டே போகும் மரமாதலால், இறுகக் கட்டிய கம்பி சில ஆண்டுகளில் பட்டைக்குள் புதைந்து புளோயத்தை நெரித்துவிடும். பனை அவ்வாறு குறிப்பிடத்தக்க அளவில் பருப்பதில்லை. ஆகவே அதற்குக் கயிறு கேடு செய்யாது, ஆணிதான் கேடு. எல்லா மரங்களுக்கும் ஒரே விதி என்பது உயிரியலுக்கு ஒவ்வாதது.

பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நம் மாநில மரத்துக்குத் தரப்பட்ட அந்தப் பாதுகாப்பு, வெட்டாமலே அதைச் சிதைக்கும் செயல்களுக்கும் விரிவடைய வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் பெயர்ப்பலகைக்கும் மின்விளக்குக்கும் தனிக் கம்பம் நடுவதைக் கட்டாயமாக்கி, பனையிலும் தென்னையிலும் ஆணி அடிப்பதைத் தனியே குறிப்பிட்டுத் தடை செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஆணி பிடுங்கச் செல்லும் இளைஞர்கள், பனைகளில் உள்ள ஆணிகளை நெம்பித் துளையைப் பெரிதாக்காமல், நேராக இழுத்து எடுக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
விழுப்புரம்.